‘ஸ்நாப்பர்’: ஒரு சொல்லின் வரலாறும் படம் பிடிப்போர் வரலாறும்

நம் வட்டத்தின் மொழிபெயர்ப்பு அமர்வுகளுக்குத் தவறாது வருகின்ற அன்பர்களுக்கு அந்த மாலைப்பொழுது நினைவிருக்கும். உறுப்பினர் ஒருவர் அயர்லாந்து நாட்டுச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிக் கொணர்ந்து படித்தார். கதையில் இளந்தாய் ஒருத்தி தன் ‘ஸ்நாப்பரை’ மடியில் வைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருக்கிறாள். மொழிபெயர்ப்பிலோ அவள் மடியில் ஒரு மீன் இருந்தது! சந்தையிலிருந்து திரும்புகிறாள் போலும் என்று பலரும் அமைதியாகக் கேட்டிருந்தோம். அம்மீனுக்கு அவள் முத்தம் கொடுத்தபோதுதான் ஐயம் எழுந்தது. “ஸ்நாப்பர் என்றால் புகைப்படக்காரர் அல்லவா?” என்றார் ஒருவர். “புகைப்படக்காரரை மடியில் வைத்துக்கொள்வது இன்னும் மோசம்” என்றார் மற்றொருவர். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடங்கள் ஆயின. டப்ளின் நகரத்துப் பேச்சுவழக்கில் அச்சொல் கைக்குழந்தையைக் குறிக்கும் என்பதைப் பின்னர் அறிந்தோம். ராடி டாயில் 1990இல் எழுதிய புதினம் ஒன்றுக்கு அச்சொல்லே தலைப்பு. 1993இல் ஸ்டீபன் ஃபிரியர்ஸ் அதனைத் திரைப்படமாக்கினார்.

அன்று சிரித்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொல் என்னை விடவில்லை. காரணம் உண்டு. விடுமுறை நாள்களில் படப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் பழக்கம் எனக்கு இளமையிலேயே வாய்த்தது. ஒருமுறை தொழில்முறைக் கலைஞர் ஒருவரிடம் என் படங்கள் சிலவற்றைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “நீங்கள் கலைஞர் அல்லர், ஸ்நாப்பர்” என்று கூறித் திருப்பித் தந்தார். அது வசை என்பது மட்டும் அப்போது புரிந்தது. அதன் வரலாறு தெரியாது. தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றை, சொற்களோடு வாழ்கின்ற இவ்வட்டத்து அன்பர்முன் வைக்கிறேன்.

சொல்லின் வேர்

‘ஸ்நாப்’ என்னும் சொல் 15ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி டச்சு அல்லது தாழ்நில ஜெர்மானிய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குள் வந்தது. வெடுக்கெனக் கடித்தல், கவ்வுதல் என்பதே அதன் முதற்பொருள். பறவையின் அலகைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு அதனை உறவுபடுத்துவாரும் உளர். ஆகவே அச்சொல்லின் அடியில் இருப்பது கை அன்று, வாய். ‘ஸ்நாப்பர்’ என்பது கவ்வுவது, கவ்வுபவர் என்று விரியும்.

கவ்வுவதால் மீனுக்குப் பெயராயிற்று. தூண்டிலில் அகப்பட்ட பின்னும் தாடைகளைப் பட்டென்று மூடும் இயல்புடைய மீன்களை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயக் கடலோடிகள் இப்பெயரால் அழைத்தனர். நம் மீன்சந்தைகளில் சங்கரா என்று விற்கப்படும் செந்நிற மீனுக்கு நட்சத்திர விடுதிகளின் உணவுப்பட்டியல் தரும் பெயரும் இதுவே. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இப்பெயர் தாங்கும் மீனோ வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. குடியேறியவர்கள் தாம் அறிந்த பெயரைத் தாம் அறியாத மீனுக்குச் சூட்டிவிட்டனர்.

கவ்வுவதால் ஆமைக்கும் பெயராயிற்று. வட அமெரிக்க நன்னீர்நிலைகளில் வாழும் கடிக்கும் ஆமைக்கு லின்னேயஸ் 1758இல் பாம்பை ஒத்தது என்னும் பொருளில் அறிவியற்பெயர் இட்டார். இவ்வாமையின் அடியோடு சிறியது. மற்ற ஆமைகளைப்போல் உடலை முழுவதும் உள்ளிழுத்துக்கொள்ள இதனால் இயலாது, ஆகவே கடிக்கிறது. ஒளிய இடமில்லாத உயிர் கடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

வாயின் செயல் பிறகு ஒலிக்கும் பரவிற்று. விரலைச் சொடுக்குதல், சுள்ளி முறிதல், சாட்டையைச் சொடுக்குதல் ஆகிய எல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கின. அமெரிக்கர் சாட்டையின் நுனிக்கயிற்றை ‘ஸ்நாப்பர்’ என்றனர். வேறு வேலையின்றிச் சாட்டையைச் சொடுக்கித் திரிபவன் என்ற பொருளிலிருந்தே, வயதுக்கு மீறிப் பேசும் விடலையைக் குறிக்கும் ‘விப்பர்ஸ்நாப்பர்’ பிறந்தது என்பர். அந்த ஏளனத்தின் சாயல் எனக்குக் கிடைத்த வசையிலும் இருந்தது.

இவற்றோடு ஷேக்ஸ்பியரையும் சேர்க்க வேண்டும். ‘குளிர்காலக் கதை’ நாடகத்தில் வரும் ஆட்டோலிகஸ் பாட்டுப்பாடிச் சில்லறைப் பொருள் விற்பவன்; கண் அயர்ந்தால் திருடுபவன். பிறர் பொருட்படுத்தாத சிறு பொருள்களைக் கவர்ந்துகொள்பவன் என்று அவன் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும் இடத்தில் இந்தச் சொல்லையே ஆள்கிறான். புகைப்படக்கலை தோன்றுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது இது. எனினும் தெருவில் படப்பெட்டியோடு அலையும் விருப்பக் கலைஞனுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

துப்பாக்கியிலிருந்து படப்பெட்டிக்கு

இச்சொல் படப்பெட்டியை அடைந்தது வேட்டைக்காட்டின் வழியாக. புதரிலிருந்து பறவை எழும்பியதும் நின்று குறிபார்க்க நேரமின்றிச் சட்டெனச் சுடுவதை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில வேட்டையாளர்கள் ‘ஸ்நாப்ஷாட்’ என்றனர். அதனைப் புகைப்படத்திற்கு மாற்றியவர் சர் ஜான் ஹெர்ஷல். வானியல் அறிஞரான அவர்தாம் 1839இல் ஒளியெழுத்து எனப் பொருள்படும் ‘ஃபோட்டோகிராபி’ என்னும் சொல்லை அறிவியல் உலகில் நிலைபெறச் செய்தவர். ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ என்னும் சொற்களையும் இத்துறைக்குத் தந்தவர். 1860இல் அவர் எழுதிய ஒரு குறிப்பில், பத்தில் ஒரு நொடியில் ஒரு படத்தைப் பெற்றுவிடும் காலம் வருமெனக் கற்பனை செய்து, அதற்கு வேட்டையாளரின் சொல்லை உவமையாகக் கொண்டார்.

அந்நாளில் அது கற்பனையே. டகேர் 1838இல் பாரிஸ் நகரத்துப் பெருந்தெரு ஒன்றைப் படமாக்கியபோது, போவோரும் வருவோரும் வண்டிகளும் தகட்டில் பதியவேயில்லை. காலணிக்கு மெருகேற்ற நின்ற ஒருவருடைய உருவம் மட்டும் எஞ்சிற்று. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கண்ணாடியில் பூசிய கலவை காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். இருட்டறையைக் கூடாரமாகச் சுமந்து சென்றனர்.

அக்காலப் பொறுமைக்குத் தமிழ்மண்ணிலேயே சான்று உண்டு. பொழுதுபோக்காகப் படமெடுக்கத் தொடங்கிச் சென்னை மாகாண அரசின் புகைப்படக்கலைஞராக அமர்ந்தவர் படைத்துறைக் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 1858இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை அவர் துண்டுதுண்டாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கல்லில் நின்ற தமிழ் அசையாமல் காட்சி தந்தது. கல்வெட்டை வாசிப்பதுபோல் வரிவரியாகத்தான் அதனைப் படமாக்க முடிந்தது.

1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். அவ்வாண்டுகளின் இறுதியில் அம்முறை செம்மையுற்றதும் ஹெர்ஷலின் கற்பனை நனவாயிற்று. தாங்கி தேவையற்றுப் போக, படப்பெட்டி கைக்கு வந்தது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே 1882இல் செய்த கருவி துப்பாக்கியின் வடிவிலேயே இருந்தது. பறக்கும் பறவையைக் குறிவைத்து விசையை இழுத்தால் நொடிக்கு 12 படங்கள் பதிந்தன. பறவை ஒன்றும் விழவில்லை. உவமை கருவியாகவே மாறிய விந்தை இது.

பொத்தானை அழுத்தியவர்கள்

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ‘கோடக்’ பெட்டியை வெளியிட்டார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். முடிந்ததும் பெட்டியையே ரோச்செஸ்டர் நகருக்கு அஞ்சலில் அனுப்பினால், 10 டாலருக்குப் படங்களைக் கழுவி அச்சிட்டுப் புதுச்சுருளும் இட்டுத் திருப்பி அனுப்பினர். பொத்தானை அழுத்துவது ஒன்றே வாங்கியவரின் வேலை. ஏனையவை நிறுவனத்தின் பொறுப்பு என்பதே விளம்பரத்தின் சாரம். 1900இல் வந்த ‘பிரவுனி’ பெட்டியின் விலை ஒரு டாலர். சிறுவர்களை எண்ணிச் செய்யப்பட்டது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன.

இங்குதான் ‘ஸ்நாப்பர்’ என்பது பெருங்கூட்டத்தின் பெயராயிற்று. அதுவரை விருப்பக் கலைஞர் எனப்பட்டோர் வேதியியல் அறிந்த, வசதியும் ஓய்வும் உடைய சிலரே. லத்தீன் மொழியில் அன்பு செய்பவர் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த ‘அமெச்சூர்’ என்ற பட்டத்தைப் பெருமையோடு தாங்கியவர்கள் அவர்கள். அப்பெயருடைய வார இதழ் ஒன்று 1884 முதலே லண்டனில் வெளிவந்தது. இப்போது கடைச் சிப்பந்தியும் பள்ளிச் சிறுமியும் அடுக்களைப் பெண்ணும் பொத்தானை அழுத்தத் தொடங்கினர். பழையவர்கள் தம்மைப் புதியவரினின்றும் பிரித்துக்காட்ட ஓர் இழிசொல்லை நாடினர். அன்பு செய்பவர் ஒருபுறம், கவ்வுபவர் மறுபுறம். எனக்குக் கிடைத்த வசையின் பிறப்பிடம் இதுவே.

ஆனால் அப்பிரிவினை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆல்ஃபிரட் ஸ்டீக்ளிட்ஸ் 1893 பிப்ரவரியில் கைப்பெட்டி ஒன்றோடு நியூயார்க் ஐந்தாம் நிழற்சாலையில் கடும்பனிப்புயலில் நின்றார். தாம் எண்ணிய கணம் வரும்வரை மூன்று மணிநேரம் காத்திருந்தார். சொடுக்கு ஒரு கணம். காத்திருப்பு மூன்று மணி. இதனைக் கவ்வல் என்பதா, தவம் என்பதா? பிரான்சில் லார்தீக் என்னும் செல்வர்வீட்டுச் சிறுவன், படிக்கட்டிலிருந்து பாய்ந்து அந்தரத்தில் பறக்கும் உறவுப்பெண்ணை 1905இல் படமாக்கினான். அப்போது அவனுக்கு வயது 11. அப்படங்கள் குடும்ப ஆல்பங்களிலேயே கிடந்தன. 1963இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு 69 வயது. சிகாகோவில் குழந்தை வளர்ப்புத் தாதியாக வாழ்ந்த விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து எவருக்கும் காட்டாது வைத்திருந்தார். சேமிப்பறை வாடகை செலுத்தப்படாமையால் 2007இல் பெட்டிகள் ஏலம் போயின. 2009இல் அவர் மறைந்த பின்னரே உலகம் அவர் பெயரை அறிந்தது. கழுவப்படாத சுருள்களும் அப்பெட்டிகளில் ஏராளம். தாம் எடுத்ததையே தாம் பாராத அக்கலைஞரை எச்சொல்லால் அழைப்பது?

இங்கு பிரெஞ்சு மொழியின் தொடர் ஒன்றும் கருதத்தக்கது. கார்த்தியே பிரெஸோன் 1952இல் வெளியிட்ட நூல் ஆங்கில உலகில் ‘தீர்மானமான கணம்’ என்னும் பொருள்படும் கம்பீரமான பெயரால் புகழ்பெற்றது. பிரெஞ்சு மூலத்தின் தலைப்போ, உரிமமின்றித் தெருவோரம் கடைவிரித்துக் காவலரைக் கண்டதும் மூட்டை கட்டி ஓடும் வணிகரைக் குறிக்கும் தொடரால் ஆனது. அவசரமாய், மறைவாய்ப் பெற்ற படங்கள் என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தார் அவருக்குச் சூட்டியது மணிமுடி. அவர் தமக்குத் தேர்ந்ததோ ஆட்டோலிகஸின் மூட்டை!

கவ்வப்பட்டவர்

இதுவரை கவ்வியவரின் வரலாறு. கவ்வப்பட்டவருக்கும் ஒரு வரலாறு உண்டு. கோடக் வந்து இரண்டே ஆண்டுகளில், 1890இல், வாரன், பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் தனிமையுரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். அவர்களைத் தூண்டியவற்றுள் கணநேரப் புகைப்படமும் ஒன்று. 1902இல், கோடக்கின் ஊராகிய ரோச்செஸ்டரில், தன் முகத்தை இசைவின்றி மாவு விளம்பரத்தில் அச்சிட்டதை எதிர்த்து ஓர் இளம்பெண் தொடுத்த வழக்கு மேல்முறையீட்டில் தோற்றது. அத்தீர்ப்பு எழுப்பிய எதிர்ப்பால் மறு ஆண்டே நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றிற்று. ஒளிய இடமில்லாத உயிர் கடிக்கும் அல்லவா?

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரை இங்கு நினைக்கிறேன். கல்கத்தாவில் பிறந்த அவர், 48ஆம் வயதில் மகள் தந்த படப்பெட்டியால் கலைஞரானார். கணப்பொழுதில் கவ்வுவது அவர் வழி அன்று. எதிரில் அமர்ந்தோரை நெடுநேரம் அசையாதிருக்கச் செய்தே படமெடுத்தார். 1867இல் அவர்முன் அமர்ந்தவர்களுள் ஹெர்ஷலும் ஒருவர். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879இல் அங்கேயே மறைந்து, மலைநாட்டுப் பொகவந்தலாவையில் அடக்கமானார். இலங்கையிலும் அவர் சில படங்களை எடுத்தார். உழைப்பாளர் பலர் அவற்றில் உள்ளனர். அக்காலத்துக் காப்பித் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கடல்கடந்து சென்றவர்கள். இங்கிலாந்துப் படங்களின்கீழ் ஹெர்ஷல் என்றும் டென்னிசன் என்றும் டார்வின் என்றும் பெயர்கள் நிற்கின்றன. இலங்கைப் படமொன்றின்கீழ் ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்று மட்டுமே காண்கிறோம். ஆக, நெடுநேரம் காத்து எடுப்பதனால் மட்டும் கவ்வுதல் என்னும் குற்றம் நீங்கிவிடுவதில்லை.

என் பங்குக்கு நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் முதற்பெட்டி ‘ஆக்ஃபா கிளிக் 3’. அதன் பெயரிலேயே சொடுக்கு இருந்தது. ஒரு சுருளுக்கு 12 படங்கள். உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள்தான் என் கைக்கு எட்டியது. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய அவ்வாலை இன்று இயங்கவில்லை. எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய 12 கணங்களில் ஒன்றை, ஒரு தேர்த்திருவிழாவில் பனையோலை விசிறி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டிக்குச் செலவிட்டேன். பெட்டியைக் கண்டதும், “இருப்பா, சேலையைச் சரி பண்ணிக்கிறேன்” என்றார். சரிசெய்தபின் கிடைப்பது பாவனை. இயல்பு அன்று என்று எங்கோ படித்திருந்தேன். அவர் கை முந்தானைக்குப் போகும்போதே சொடுக்கிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “வெடுக்குன்னு புடுங்கிட்டியே தம்பி” என்றார்.

எத்தனை அகராதிகளைப் புரட்டினாலும் ‘ஸ்நாப்’ என்பதற்கு இதைவிடத் துல்லியமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

மறு ஆண்டுத் திருவிழாவில் அவரைத் தேடிப் போய், அவர் விரும்பியபடியே உட்காரச் செய்து இன்னொரு படம் எடுத்தேன். முதுகு நிமிர்த்தி, முந்தானையைப் போர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, பெட்டியை நேராக நோக்கினார். கலைநோக்கில் அது சாதாரணப் படம். இரண்டையும் அச்சிட்டு அவரிடம் கொடுத்தேன். அவருக்குப் பிடித்தது இரண்டாவது. அதை மடித்த புடவைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். முதற்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பிடித்தது அதுதான். இன்றளவும் அதனை எந்தக் கண்காட்சிக்கும் நான் அனுப்பவில்லை.

பிடித்தல்

தமிழ் இச்செயலை எவ்வாறு சொல்கிறது? படத்தைச் சுட்டேன் என்று நாம் சொல்வதில்லை. சொன்னால் திருடினேன் என்றே பேச்சுவழக்கில் பொருள்படும். படம் எடுத்தேன் என்கிறோம். நாகமும் படம் எடுக்கிறது என்பதை நம் கவிஞர்கள் மறவார். கடிக்கும் உயிரின் நிழல் நம் சொல்லிலும் விழுந்திருக்கிறது. இவற்றினும் ஆழ்ந்தது மற்றொன்று: படம் பிடித்தேன் என்கிறோம்.

பிடித்தல் என்பது கவ்வுதலுக்கு அண்மைச் சொல். மீனைப் பிடிக்கிறோம், கள்வனைப் பிடிக்கிறோம். அதே வினையால்தான் ஒருவரைப் பிடிக்கும் என்கிறோம். மணமகன் மணமகளின் கையைப் பிடிக்கிறான். ஆங்கிலம் கவ்வுபவருக்கு ஒரு சொல்லும் அன்பு செய்பவருக்கு வேறொரு சொல்லும் வைத்து, அவற்றைக் கொண்டு மனிதரை இரு சாதியாக்கிற்று. தமிழ் இரண்டையும் ஒரே வினையில் வைத்திருக்கிறது. பிடித்ததனால் பிடித்தேன் என்று நாம் சொல்லலாம். ஆனால் அவ்வினை ஒரு வினாவையும் உடன்வைக்கிறது: பிடிக்கப்பட்டவருக்கு அது பிடித்ததா?

இன்று கைப்பேசி இல்லாதவர் அரியர், எல்லாரும் ஸ்நாப்பர்களே. 2012இல் கோடக் நிறுவனம் கடன்தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் காப்பை நாடிற்று. அதற்கு முந்திய ஆண்டில் தோன்றிய ஒரு செயலி, பார்த்ததும் மறைந்துவிடும் படங்களுக்கு அதே பழஞ்சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. கருவிகள் மாறின, சொல் நிலைத்தது, வினாவும் நிலைத்தது.

நம் வட்டத்தார் பெரும்பாலோர் எழுத்தால் பிழைப்பவர் அல்லர். அலுவலகமும் கடையும் பள்ளியும் முடித்து மாலையில் கூடுகிறவர்கள். பிறர் பொருட்படுத்தாத சிறு பொருள்களைக் கவர்ந்து வந்து கவிதையாக்குகிறவர்கள். பத்தாண்டுகளாக இப்பணியை எவரும் கேளாமலே செய்து வருகிறோம். எவரேனும் நம்மைச் ‘சும்மா எழுதுகிறவர்கள்’ என்று சொன்னால், அப்பெயரை நாணமின்றி ஏற்போம். ஆனால் நம் வரிகளில் வந்து அகப்பட்ட அண்டைவீட்டாரும் அன்னையரும் தெருவோர வணிகரும், முந்தானையைச் சரிசெய்துகொள்ள ஒரு கணம் கேட்டார்களா என்று அவ்வப்போது எண்ணிப் பார்ப்போம்.

மடியில் மீனை வைத்த நம் மொழிபெயர்ப்பாளர் பின்னர் அவ்விடத்தைத் திருத்திவிட்டார். இப்போது அத்தாயின் மடியில் குழந்தை இருக்கிறது. அவள் அதனை இறுகப் பிடித்திருக்கிறாள்.